121 கிலோ எடை, 188 செ.மீ. உயரம்: எனக்கு எந்தக் கடல் கயாக் பொருந்தும்?

இந்த முறை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில், கொஞ்சம் நீளமாகவே. கடல் கயாக், அதாவது கடலில் துடுப்புப் போட்டுப் போகிற ஒல்லியான நீளப் படகு, ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிற என்னிடம் இதே கேள்வி அடிக்கடி வருகிறது, பெரும்பாலும் வகுப்பு முடிந்து மற்றவர்கள் எல்லாரும் காருக்குப் போன பிறகு, தயங்கித் தயங்கி.

எழுதியவர் இங்கிலாந்தின் தென்கரையில், பூல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். வயது 43. உயரம் 188 செ.மீ., எடை 121 கிலோ, ஷூ அளவு 12. வலது முழங்காலில் பழைய காயம் ஒன்று உண்டு. போன கோடையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போயிருக்கிறார். அங்கே கொடுத்த படகில் இடுப்பைத் திணித்துத்தான் உட்கார முடிந்ததாம். ஒரு மணி நேரத்தில் இரண்டு காலும் மரத்துப்போயிருக்கிறது. கவிழ்ந்து வெளியே வரும் பயிற்சியில் தொடை சிக்கிக்கொண்டு, சில விநாடி தலைகீழாகவே தவித்திருக்கிறார். "எனக்குப் பதற்றம் அதிகம், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் கடல் அவரை விடவில்லை. இப்போது மூன்று படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறார்: 1980-களில் செய்த, நார்த்காப் என்ற பழைய கடல் கயாக் ஒன்று, தனி நபர் விற்கிறார், விலை மலிவு. மேலே உட்கார்ந்து ஓட்டுகிற, 86 செ.மீ. அகலமுள்ள மீன்பிடி கயாக் ஒன்று, 220 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதாம். ஆன்லைன் கடையில் பெரிய உடம்புக்காரர்களுக்கான 5.2 மீட்டர் பிளாஸ்டிக் கடல் கயாக் ஒன்று, அகலம் 58 செ.மீ., "135 கிலோ வரை தாராளமாகப் போகலாம்" என்று விற்பனையாளர் போனில் சொன்னாராம். மனைவியோ, முதலில் எடையைக் குறையுங்கள், பிறகு படகைப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வணக்கம். முதலில் அந்தத் தலைகீழ் விநாடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அது உங்கள் பதற்றம் இல்லை. தொடை நுழையவே இடமில்லாத காக்பிட்டில், அதாவது ஆள் உட்காருகிற குழியில், ஒருவரை உட்கார வைத்துக் கவிழ்த்தால் யாராக இருந்தாலும் சிக்குவார்கள். ஒன்பதாம் நம்பர் ஷூவைப் பன்னிரண்டாம் நம்பர் காலில் மாட்டிவிட்டு ஓடச் சொன்னது போலத்தான் அது. உங்களை அந்தப் படகில் உட்கார வைத்தவர், நீங்கள் உட்காரச் சிரமப்பட்டதைப் பார்த்த உடனேயே வேறு படகு தந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குக் கவிழ்க்கும் பயிற்சியை நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் மேல் தவறு ஏதும் இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம், நமக்குக் கடல் சரிவராது என்ற முடிவோடு அந்தக் கரையிலிருந்து திரும்பியவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் பாதிப் பேருக்குச் சரியான அளவுப் படகு ஒன்று கிடைத்திருந்தால் இன்றைக்கும் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடல் கயாக்குகளில் பெரும்பாலானவை 70 முதல் 90 கிலோ ஆளை மனதில் வைத்து வரையப்பட்டவை. அதனால்தான் வகுப்புகளில் வரிசையாக இருக்கிற படகுகள் உங்களுக்குச் சின்னதாகத் தெரிகின்றன. பெரிய ஆளுக்கென்று வரைந்த படகுகளும் இருக்கத்தான் செய்கின்றன, தேடிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

"220 கிலோ தாங்கும்" என்றால் என்ன அர்த்தம்?

நீங்கள் மூன்று படகையும் அந்த ஒரு எண்ணை வைத்தே ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதை அவ்வளவு நம்ப வேண்டாம். எல்லாத் தயாரிப்பாளர்களும் அதை ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. சிலருக்கு அது படகு மூழ்காமல் இருக்கிற உச்ச வரம்பு, சிலருக்கு நன்றாக ஓடுகிற வரம்பு. லிஃப்ட்டில் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருப்பதைப் போல. ஏறலாம், வசதியாக நிற்க முடியுமா என்பது வேறு விஷயம்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 121 கிலோ. உடை, ஷூ, உயிர்காப்பு அங்கி, தண்ணீர், சாப்பாடு, பம்ப் எல்லாம் சேர்த்து 9 கிலோ. பிளாஸ்டிக் படகு ஒரு 28 கிலோ. மொத்தம் 158 கிலோ. கடல் தண்ணீர் லிட்டருக்கு 1.025 கிலோ, ஆக உங்கள் படகு 154 லிட்டர் தண்ணீரை விலக்கிக்கொண்டு மிதக்க வேண்டும். இந்த 154 லிட்டர்தான் உங்களுடைய உண்மையான எண். ஒரு படகு எந்த எடையில் தன் நீர்க்கோட்டில் உட்காரும்படி வரையப்பட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள், உச்ச எடை எவ்வளவு என்று கேட்காதீர்கள். பதில் தெரியாத விற்பனையாளர் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்லட்டும், அது அவர்கள் வேலைதான்.

எடை கூடினால் படகு எவ்வளவு இறங்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் இது தேவைப்படும். ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு சாதாரண கடல் கயாக்கை நீர்மட்டத்தில் கிடையாக வெட்டினால் கிடைக்கிற பரப்பு, தோராயமாக ஒன்றரை சதுர மீட்டர். அதாவது ஒவ்வொரு 15 கிலோவுக்கும் படகு ஏறத்தாழ ஒரு செ.மீ. இறங்குகிறது. 85 கிலோ ஆளுக்கு வரைந்த படகில் நீங்கள் உட்கார்ந்தால் இரண்டரை செ.மீ. ஆழம் கூடும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் மொத்தமே பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழத்தில் மிதக்கிற ஒரு பொருளுக்கு அது பெரிய விஷயம். மேல்தளம் எப்போதும் ஈரமாக இருக்கும், முன்முனையும் பின்முனையும் தண்ணீருக்குள் அமுங்குவதால் படகு திரும்ப மறுக்கும், அலையில் முன்முனை ஏறுவதற்குப் பதிலாகக் குத்திக்கொண்டு போகும்.

சரி, அப்படியானால் கிடைப்பதிலேயே பெரிய படகை வாங்கிவிடலாமே என்று கடிதத்தின் நடுவில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தேவைக்கு மேல் உயரமான படகு தண்ணீருக்கு மேலே அதிகம் நிற்கும், காற்று அதைப் பிடித்துத் தள்ளும். ஸ்டட்லண்ட் பக்கம் ஓல்ட் ஹாரி பாறைகள் வரை போய்விட்டுத் திரும்புகிறீர்கள், மதியத்துக்கு மேல் காற்று எழும்புகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் தேவையில்லாத ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் உங்கள் தோள்தான் விலை கொடுக்கும்.

அகலம், இருக்கை, ஆட்டம்

"நான் கனமான ஆள், அதனால் அகலமான படகுதான் பத்திரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. படகின் நிலைப்பு அகலத்தின் கனத்தை (அகலம் × அகலம் × அகலம்) பொறுத்தது. 55 செ.மீ. படகுக்கும் 60 செ.மீ. படகுக்கும் வித்தியாசம் ஐந்தே செ.மீ. என்றாலும், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், அகலத்தால் வருகிற நிலைப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிடுகிறது. உங்களுக்கு அது தேவையும்கூட. உயரமான ஆளுக்கு எடை மேலே இருக்கிறது, நெஞ்சும் தோளும் தண்ணீருக்கு மேல் தூரத்தில் இருந்து ஆடுகின்றன. 75 கிலோ ஆள் உட்கார்ந்து "பாறை மாதிரி நிற்கிறது" என்று விமர்சனம் எழுதிய படகில் நீங்கள் உட்கார்ந்தால் தெப்பக்கட்டை மாதிரி உருளும். அந்த விமர்சனங்களைப் படிக்கும்போது எழுதியவர் எடை என்ன என்று முதலில் தேடுங்கள், சொல்லவில்லை என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

மற்றப் பாதி என்னவென்றால், மிக அகலமான தட்டைப் படகு அசையாத தண்ணீரில்தான் பத்திரமாகத் தெரியும். அலை பக்கவாட்டில் வரும்போது தட்டையான அடிப்பாகம் அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சாயப் பார்க்கும், உங்களையும் சேர்த்துச் சாய்க்கும். நல்ல கடல் கயாக் முதலில் கொஞ்சம் ஆடும், ஆனால் சாய்க்கச் சாய்க்க ஒரு இடத்தில் உறுதியாகப் பிடித்து நிற்கும். அந்த இரண்டாவது நிலைப்புதான் கடலில் உங்களைக் காப்பாற்றுவது. உங்கள் உடம்புக்கு 57 முதல் 61 செ.மீ. வரை அகலம் பாருங்கள். 54-க்குக் கீழே இப்போதைக்குப் போக வேண்டாம், 65-ஐத் தாண்டவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை: இருக்கையின் உயரம். இரண்டு செ.மீ. இருக்கையைத் தாழ்த்தினால் படகு வேறு படகாகிவிடும். பிளாஸ்டிக் படகுகளில் இருக்கை பெரும்பாலும் காக்பிட் விளிம்பிலிருந்து தொங்குகிறது அல்லது போல்ட்டில் நிற்கிறது, அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கையை விட்டுப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவர், ஏறக்குறைய உங்கள் அளவு, ஆறு மாதமாகத் தன் படகைத் திட்டிக்கொண்டிருந்தார், விற்கப் போகிறேன் என்றார். இருக்கையைக் கழற்றி, ஒட்டியிருந்த மெத்தையைப் பிய்த்துவிட்டு, மெல்லிய ஃபோம் ஒன்றை வெட்டி வைத்தோம், மூன்று செ.மீ. இறங்கியது. அன்று மாலையே தண்ணீரில் இறங்கினார், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அந்தப் படகை அவர் விற்கவில்லை.

உடம்பு உள்ளே போவதும், முக்கியமாக வெளியே வருவதும்

மிதக்கிற அளவு சரியாக இருந்தும் உட்காருகிற இடம் தவறாக இருக்கலாம். இதில்தான் பெரிய ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை இவை, டேப் எடுத்துக்கொண்டே போங்கள்.

இருக்கையின் உள் அகலம். உங்கள் இடுப்பை வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இரண்டு தடிமனான புத்தகத்தை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள், நின்றுகொண்டு அளந்தால் தவறான எண் வரும். ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல் போகிற இடம் இருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் ஃபோம் ஒட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டத்தான் வழியில்லை.

காக்பிட் திறப்பு. சாவித்துளை வடிவத்தில், 80 செ.மீ.-க்கு மேல் நீளமும் 40-க்கு மேல் அகலமும் இருக்கட்டும். சோதனை எளிது: முதலில் இருக்கையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு காலாக முழங்காலை மடித்து உள்ளே விட முடிகிறதா? உங்கள் வலது முழங்காலை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன், காலை நீட்டிக்கொண்டு சறுக்கி உள்ளே போக வேண்டிய படகு அந்த முழங்காலுக்கு ஒவ்வொரு தடவையும் தண்டனை. உட்கார்ந்தபடி முழங்காலை வெளியே எடுக்க முடிகிற படகில் கவிழ்ந்தாலும் வெளியே வருவது சுலபம்.

முன்தளத்தின் உயரம். 12-ஆம் நம்பர் கால் நிமிர்ந்து நிற்க இடம் வேண்டும். கடலில் போடுகிற ஷூவோடு போய் உட்காருங்கள், கால்மிதியில் குதிகாலை ஊன்றிப் பாதத்தை அசைத்துப் பாருங்கள். கால்விரல் மேல்தளத்தில் இடித்தால் அந்தப் படகு வேண்டாம். கால்மிதி ஓடுகிற தண்டவாளம் உங்கள் நீளத்துக்குப் போகிறதா என்றும் பாருங்கள், 188 செ.மீ. ஆளுக்குச் சில படகுகளில் அது முன்னாலேயே முடிந்துவிடும்.

கால் மரத்துப்போனது பற்றி: இருக்கையின் முன்விளிம்பு தொடையின் அடியில் வெட்டுவதும், தொடைக்குக் கீழே தாங்கல் இல்லாததும்தான் வழக்கமான காரணங்கள். காலை மிக நேராக நீட்டி வைத்தாலும் வரும். கடையிலோ கரையிலோ அரை மணி நேரம் உட்காராமல் எந்தப் படகையும் முடிவு செய்யாதீர்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாப் படகும் சொகுசாகத்தான் இருக்கும். சரியான படகிலும் மரத்துப்போனால் மருத்துவரிடம் இடுப்பு நரம்பைக் காட்டுங்கள், அதைப் படகால் சரிசெய்ய முடியாது.

தண்ணீர் நிறைந்த படகில் உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய உடம்புக்குச் சின்னப் படகு ஆபத்து என்று நான் சொல்வதன் உண்மையான காரணம் இதுதான்.

கவிழ்ந்து வெளியே வந்தீர்கள், நண்பர் உதவியோடு மறுபடி ஏறி உட்கார்ந்தீர்கள். காக்பிட் நிறையத் தண்ணீர். இப்போது படகைத் தாங்குவது முன்னும் பின்னும் அடைத்திருக்கிற காற்றறைகள் மட்டும்தான். 80 கிலோ ஆள் உட்கார்ந்தால் காக்பிட் விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்கும், பம்ப் அடித்து வெளியேற்றலாம். 121 கிலோ ஆள் சின்னப் படகில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்துவிடும். ஒரு பயிற்சியில் இதை இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர் பம்ப் அடிக்கிறார், தண்ணீர் முன்னால் பீய்ச்சி அடிக்கிறது, அதே நேரம் ஒவ்வொரு சின்ன அலைக்கும் பின்பக்க விளிம்பு வழியாக ஒரு சொம்பு அளவு உள்ளே வழிகிறது. ஐந்து நிமிடம் அடித்தும் மட்டம் இறங்கவே இல்லை. நடுக்கடலில் அது நடந்தால் அந்தப் படகு இனி படகே இல்லை.

அதனால் வாங்குவதற்கு முன் கரையோரம், ஒருவர் பக்கத்தில் இருக்க, காக்பிட்டை முழுவதும் நிரப்பிக்கொண்டு உட்காருங்கள். விளிம்பு சுற்றிலும் தண்ணீருக்கு மேலே சில செ.மீ. தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், மற்றது எவ்வளவு பிடித்திருந்தாலும், அந்தப் படகை விட்டுவிடுங்கள். இருக்கைக்குப் பின்னாலேயே ஒட்டினாற்போல் தடுப்புச்சுவர் இருக்கிற படகில் தண்ணீர் நிற்கிற இடமே குறைவு, அது உங்களுக்கு நல்லது.

மறுபடி ஏறுவதற்குக் கை பலத்தை நம்ப வேண்டாம். குதிகாலைக் காக்பிட்டுக்குள் மாட்டி, காலின் பலத்தில் உருண்டு ஏறுகிற முறை ஒன்று இருக்கிறது, கனமான ஆட்களுக்கு அதுதான் நன்றாக வருகிறது. அது முடியாத நாளுக்கு, கால் வைத்து ஏற நாடாவில் ஒரு வளையம் செய்து அங்கியிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரு நல்ல பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளும் வரை தனியாகப் போகாதீர்கள்.

உங்கள் மூன்று படகுகள்

பழைய நார்த்காப். நீங்கள் அதன் மேல் ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. ஃபிராங்க் குட்மன் 1975-இல் நார்வே பயணத்துக்காக வரைந்த படகு அது, 1977-இல் அதில்தான் கேப் ஹார்னைச் சுற்றினார்கள். சாமான் நிறைய ஏற்றிக்கொண்டு போகிற பயணப் படகு என்பதால், நீங்களே அந்தச் சாமான் எடை என்று வைத்துக்கொண்டால் அடிப்பாகம் உங்களைத் தாங்கிவிடக்கூடும். ஆனால் உங்கள் படத்தில் தெரிகிற அந்தச் சின்ன வட்டக் காக்பிட்? காலை நீட்டிக்கொண்டு சறுக்கித்தான் உள்ளே போக வேண்டும், அப்படியேதான் வெளியே வர வேண்டும். போன கோடையில் உங்களுக்கு நடந்ததற்குப் பிறகு, அந்த முழங்காலோடு, இந்தப் படகு வேண்டவே வேண்டாம். விலையைப் பார்க்காதீர்கள்.

மேலே உட்காருகிற மீன்பிடி கயாக் கெட்ட படகு இல்லை. சிக்கிக்கொள்ள இடமே இல்லை, விழுந்தால் ஏறி உட்காரலாம், தண்ணீர் தானாக வடிந்துவிடும். பிரவுன்சீ தீவுக்கு உள்பக்கம், அமைதியான நாளில், பிள்ளைகளோடு சுற்ற அருமையாக இருக்கும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற கனவு வேறு: பக்கத்திலிருக்கிற ஜுராசிக் கரையின் பாறைகள், பிறகு ஒரு நாள் வேல்ஸில் உள்ள ஆங்கில்சீ தீவு. 86 செ.மீ. அகலப் படகை எதிர்க்காற்றில் மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு வருவதை நினைத்துப் பாருங்கள். பூல் துறைமுக வாயிலில் நீர் இறங்கும்போது இழுப்பு பலமாக இருக்கும், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கார்களை ஏற்றிப்போகிற சாண்ட்பேங்க்ஸ் படகும் குறுக்கே போய்வந்துகொண்டிருக்கும், அங்கே மெதுவாக நகர்கிற படகு வசதி இல்லை.

மூன்றாவதுதான் உங்கள் திசை. அளவுகள் காகிதத்தில் சரியாக இருக்கின்றன. ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் இன்னும் இரண்டு மூன்றில் உட்கார்ந்து பாருங்கள். பி அண்ட் ஹெச் நிறுவனத்தின் ஸ்கார்பியோ ஹெச்.வி., ஃபைபரில் வேண்டுமென்றால் அவர்களுடைய சீட்டஸ் ஹெச்.வி., ஆங்கில்சீயிலிருந்து வருகிற எக்ஸ்ப்ளோரர் ஹெச்.வி., கொஞ்சம் குட்டையாக, விளையாட்டாக வேண்டுமென்றால் டாகர் ஸ்ட்ராடோஸின் பெரிய அளவு. ஹெச்.வி. என்றால் கன அளவு கூடியது என்று அர்த்தம், ஆனால் எங்கே கூட்டினார்கள் என்று கேளுங்கள். மேல்தளத்தை மட்டும் உயர்த்தியிருந்தால் கால் வசதியாக இருக்கும், படகு அதே ஆழத்துக்குத்தான் அமுங்கும். அடிப்பாகத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியிருந்தால்தான் உங்கள் 154 லிட்டருக்கு அது பதில்.

நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீளமான படகுதான் வேகம் என்பது பந்தயம் ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தும். நாம் போகிற மூன்று நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரில், தண்ணீரின் உராய்வுதான் முக்கால்வாசித் தடை. 5 முதல் 5.4 மீட்டர் போதும்.

ஆன்லைனில் வாங்கினால்

இங்கே உங்களுக்கு நல்ல சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பயன்படுத்துங்கள். கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், 2013-ஆம் ஆண்டு விதிகள் அதைத் தருகின்றன. திருப்பி அனுப்பும் செலவு பெரும்பாலும் உங்களுடையது, ஐந்து மீட்டர் பெட்டிக்கு அது சின்னத் தொகை இல்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் பார்ப்பது போல உட்கார்ந்து பார்க்கலாம். கடலில் இறக்கி அடியைக் கீறிவிட்டால் அதற்கான மதிப்பைக் கழிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் வந்த அன்றே வீட்டுப் புல்தரையில் போர்வையை விரித்துப் படகை வைத்து, ஷூவும் அங்கியும் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் பார்க்கட்டும்.

"135 கிலோ வரை தாராளம்" என்று போனில் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். "நான் 121 கிலோ, 188 செ.மீ., கடலில் நாள் முழுக்கப் போக வேண்டும், இந்தப் படகு அதற்குப் பொருந்துமா?" என்று ஒரு மின்னஞ்சல் போதும். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது, பொருந்தவில்லை என்றால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனி நபரிடம் வாங்கும்போது இந்த இரண்டும் கிடையாது, சொன்ன பொருளைத்தான் கொடுத்தாரா என்பதோடு முடிந்துவிடும். தகராறு வந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் கேளுங்கள், இதில் அவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

இதைவிட நல்ல வழி, படகுகளைத் தண்ணீரில் இறக்கிப் பார்க்க விடுகிற கடைக்கு நேரில் போவது. வார நாளில், முன்கூட்டியே எடையைச் சொல்லிவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பத்துப் பேர் பார்க்க உட்கார்ந்து எழுந்திருப்பது உங்களுக்கு வேண்டாம்.

எடையைக் குறைத்துவிட்டு வாங்கலாமா?

உங்கள் மனைவி அக்கறையில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. எடை குறைந்தால் முழங்காலுக்கு நல்லது, மூச்சுக்கு நல்லது. ஆனால் படகுக் கணக்கு வேறு. 15 கிலோவுக்கு ஒரு செ.மீ. என்று முன்னால் சொன்னேன் அல்லவா? நீங்கள் ஒரு வருடத்தில் 15 கிலோ குறைத்தால் படகு ஒரே ஒரு செ.மீ. மேலே வரும். இன்றைக்கு உங்களுக்குச் சரியாக இருக்கிற படகு 106 கிலோவிலும் சரியாகவே இருக்கும், இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஃபோம் ஒட்டினால் போதும், பின்னால் ஒரு தண்ணீர் கேனை வைத்துக்கொண்டாலும் சரி. ஆகவே காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. இந்தப் பத்தியை மட்டும் அவரிடம் படித்துக் காட்டுங்கள். மாறாக, குறையப் போகிற எடையை நம்பி இன்றைக்கே சின்னப் படகு வாங்குவது மட்டும் கூடாது, கடலில் இறங்குவது இன்றைய உடம்புதான்.

ரத்த அழுத்தம் பற்றி ஒரு வரி எழுதி அப்படியே விட்டுவிட்டீர்கள். மாத்திரை எடுப்பவராக இருந்தால், சீசன் தொடங்கும் முன் மருத்துவரிடம் குளிர்ந்த தண்ணீரில் விழ வாய்ப்பு உண்டு என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். குளிர் நீர் உடம்பில் பட்ட முதல் நிமிடம் இதயத்துக்குக் கடினமான நிமிடம். வசந்த காலத்தில் வெயில் ஏமாற்றும், கடல் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும். உங்கள் அளவுக்கு ட்ரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத முழு உடை, தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ரெடிமேடில் மல்லுக்கட்ட வேண்டாம்.

இரண்டு சின்னக் கேள்விகள் மிச்சம். உயிர்காப்பு அங்கி: கனமான ஆளுக்கு மிதப்பு அதிகம் வேண்டும் என்பது சரியல்ல. துடுப்புப் போடுகிறவர்களுக்கான அங்கியில் 70 கிலோவுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் 50 நியூட்டன் மிதப்பு விசைதான் தரநிலையின் குறைந்தபட்சம், கொழுப்பு தானே மிதக்கும், எலும்பும் தசையும் உள்ள ஒல்லி ஆள்தான் அதிகம் அமுங்குவார். உங்களுக்கு முக்கியம் மார்புச் சுற்றளவு. பட்டைகளை இழுத்து மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள், மூக்கு வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. துடுப்பு: உங்கள் உயரத்துக்கு, 58 செ.மீ. படகுக்கு, 215 அல்லது 220 செ.மீ. நீளம் பாருங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி இரண்டு துண்டுத் துடுப்பு வாங்கினால் முடிவைத் தள்ளிப்போடலாம்.

அந்தக் கடைக்குப் போகும்போது டேப், கடல் ஷூ, அங்கி, மாற்று உடை நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று உடையை மறக்க வேண்டாம், தண்ணீர் நிரப்பிய படகில் உட்காரத்தானே போகிறீர்கள்.